சீக்கிரம் காய்க்கும் ரகம்

என் வீட்டுக்காரருக்குத் தக்காளிப் பைத்தியம். பினாங்குத் துறைமுகத்துல காலம் பூரா கிரேன் ஓட்டுன மனுஷன், பென்ஷன் வாங்குன கையோட ஜெலுத்தோங் வீட்டு வாசல்ல காடி நிறுத்துற இடத்த முழுசா பூந்தொட்டியால அடைச்சிட்டாரு. எங்க காரு ரோட்டோரமா மழையில நனைஞ்சிக்கிட்டு கிடக்கும். ஏங்க இப்படின்னு கேட்டா, "காடிக்கு என்னா, உயிரா இருக்கு?"ம்பாரு.

பசார்ல விக்கிற கேமரன்மலைத் தக்காளிய அவரு தக்காளின்னே ஒத்துக்க மாட்டாரு. "செவுத்துல அடிச்சா திரும்பி வரும்லா இது!" அவருக்கு வேண்டியதெல்லாம் பழைய ரகம். கடையில வாங்குற பாக்கெட்டு விதை ஒரு தடவ நல்லா காய்க்கும், அந்தப் பழத்து விதைய எடுத்துப் போட்டா வேற என்னமோ வரும். பழைய ரகம் அப்படியில்ல, தாய் மாதிரியே புள்ளையும் இருக்கும். அந்த விதைங்கள வச்சிருக்குற ஒருத்தர் கோலாலம்பூர்லேர்ந்து படமும் விவரமும் போன்ல அனுப்புவாரு. வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் தேத்தண்ணியோட உக்காந்து புதுசா எத வாங்குறதுன்னு சண்ட போடுவோம். எனக்கு ரசத்துக்குப் புளிப்பா இருக்கணும். அவருக்கு லட்சணமா, பெருசா, கையில எடுத்தா கனமா இருக்கணும். பினாங்கு வெக்கைக்குப் பெரிய ரகமெல்லாம் பூ பூக்கும், அப்படியே கொட்டிடும். மனுஷனுக்கு அது உறைக்கவே உறைக்காது. "இந்த வருஷம் பாரு"ன்னு மறுபடியும் பெருசத்தான் வாங்குவாரு.

இந்தத் தடவ அந்தச் சாயங்காலத்துக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி வந்துடுச்சி. கண்ணு மஞ்சளாச்சி, சோறு எறங்கல. பரிசோதனையெல்லாம் முடிஞ்சி அவர மருந்து வாங்குற எடத்துல உக்கார வச்சிட்டு, நானும் சிங்கப்பூர்லேர்ந்து வந்த மகளும் டாக்டரப் பாத்தோம். ஈரல்ல புத்துநோய், எல்லா எடத்துக்கும் பரவிடுச்சின்னாங்க அந்தம்மா. மூணு மாசம், ரொம்ப நல்லா இருந்தா கொஞ்சம் கூட. அவருகிட்ட நேர்ல சொல்றேன்னாங்க. மக அவங்க கையப் புடிச்சிக்கிட்டா. "வேணாம் டாக்டர், அப்பா மனசு விட்டுடுவாரு."

நம்ம வீடுங்கள்ல அப்படித்தானே. ஊருக்கே தெரியும், படுத்திருக்குறவருக்கு மட்டும் தெரியாது. என் அப்பாவுக்கும் அப்படித்தான் செஞ்சோம், மாமியாருக்கும் அப்படித்தான். அது தப்புன்னு எனக்குத் தோணவே இல்ல. வெளிய வந்து, "புண்ணாம்ங்க, மருந்து சாப்ட்டா ஆறிடுமாம்"னு சொன்னேன். சரின்னாரு. மக வேலைக்குத் திரும்பிப் போயிட்டா. அதுக்கப்புறம் பைப்பத் தொறந்து விட்டுட்டு குளிக்கிற அறையில அழுவுறதுதான் எனக்கு வேலையாப் போச்சி.

கொஞ்ச நாள் கழிச்சி அவரே போன எடுத்துக்கிட்டு வந்து உக்காந்தாரு. "விதைக்குச் சொல்லணுமே. தேத்தண்ணி போடு."

பிராண்டிவைன்னு ஒரு ரகம், ரோஸ் கலர்ல உள்ளங்கை அளவு பழம். "பேரப் பாரு, பிராண்டியும் இருக்கு, வைனும் இருக்கு. டாக்டர் குடிக்கக் கூடாதுன்னாங்களே, சாப்புடலாம்ல?"ன்னு சிரிச்சாரு. நான் படத்துக்குக் கீழ இருக்குறதப் படிச்சேன். நாத்து விட ஒரு மாசம். எடுத்து நட்டப்புறம் பழுக்க இன்னும் மூணு மாசத்துக்கு மேல. கணக்குப் போடாம இருக்க முடியுமா?

"இது வேணாங்க. இந்த மஞ்சள் செர்ரிய போடுவோம். சீக்கிரம் காய்க்கும்."

"கோலிக்குண்டு மாதிரி இருக்கு. போன வருஷம் இந்தப் படம் வந்தப்ப நீதானே திட்டுன, ஒரு ரசத்துக்கு ஒரு கூடை பறிக்கணும்னு?"

"அது போன வருஷம். இது வெயிலத் தாங்கும்."

"பெருசும் தாங்கும், பாரேன். காய்க்கிறப்ப காய்க்கட்டும். நாம எங்க ஓடிடப் போறோம்?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அழுக வந்தா கத்திடுவேன், அதுதான் என் புத்தி. "எல்லாம் உங்க இஷ்டம்தானா? ஒரு தடவ நான் சொல்றதக் கேட்டா என்னா கொறஞ்சிடும்? சீக்கிரம் காய்க்கிறத போடுங்கன்னா போடுங்களேன்! அவ்ளோ நாளெல்லாம் காத்துக்கிட்டு இருக்க முடியாது!"

கடைசியில குரல் உடைஞ்சிடுச்சி. அவரு கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சாரு.

"பெருசு பழுக்குற வரைக்கும் நான் இல்லையா?"

இல்லங்க, அப்படியெல்லாம் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். முந்தானையால மூஞ்சியப் பொத்திக்கிட்டேன். அவ்வளவுதான், அவருக்குத் தெரிஞ்சி போச்சி.

கத்துவாருன்னு நெனச்சேன். மக பயந்த மாதிரி ஒடிஞ்சி போயிடுவாருன்னும் நெனச்சேன். அவரு நாற்காலிய என் பக்கம் இழுத்துப் போட்டாரு. "இத்தன நாளும் இத நீ ஒத்தையாவா வச்சிக்கிட்டு இருந்த? பாவம்மா நீ." என் தலையத் தடவிக் குடுத்தாரு. சாகப் போறவரு என்னப் பாத்துப் பாவங்குறாரு. அன்னிக்கி அழுத அழுக, கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் அழுததில்ல.

அப்புறம் மஞ்சள் செர்ரிக்கு அவரே சொல்லிவிட்டாரு. ஒண்ணே ஒண்ணுதான் என்கிட்ட கேட்டாரு. "எனக்குத் தெரியும்னு மகளுக்குத் தெரிய வேணாம். அந்தப் புள்ள தாங்காது." அவ தெனமும் கூப்புடுவா. "சரியாயிடும்ப்பா"ன்னுவா. "ஆமாம்மா, புண்ணு ஆறிக்கிட்டு வருது"ன்னு இவரு சொல்லுவாரு. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தேத்துறத நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பேன்.

செடி நல்லாத்தான் காய்ச்சிச்சி. அதுக்குள்ள அவரு நாக்குல ருசி போயிடுச்சி. இருந்தாலும் ஒரு கொத்த கையில புடிச்சி போன்ல மகளுக்குக் காட்டுனாரு. "சின்னதா இருக்குன்னு பாக்காத. அடுத்த வருஷம் பெருசு போடுவோம்"னாரு.

காரியமெல்லாம் முடிஞ்சி சிங்கப்பூர் பஸ் ஏறுறதுக்கு முன்னாடி மக என்னக் கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுதா. "ஒரே ஒரு ஆறுதல்மா. கடைசி வரைக்கும் அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது. நிம்மதியா போனாரு."

"ஆமாம்மா"ன்னேன்.