தாய்மாமன் இல்லாத வெர்ஷன்

"கீழ் வெர்ஷன்ல போட்டு அனுப்புங்கம்மா." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் நானே அடித்து, தருமபுரியில் ஓர் அச்சகத்துக்கு அனுப்புவேன். பத்திரிகை வடிவமைக்கும் சாஃப்ட்வேரில் என்னிடம் இருப்பது புது வெர்ஷன், அவர்களிடம் இருப்பது பழசு. புதியதில் செய்ததைப் பழசு திறக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் பழைய வெர்ஷனுக்கு மாற்றி அனுப்ப வேண்டும்.

பழசையே நானும் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. புதுக் கம்ப்யூட்டரில் பழைய வெர்ஷன் ஓடாது என்றான் விற்றவன். எது வேண்டும் என்று கேட்டான். வீட்டுக்கு ஒன்றாம், மாணவருக்கு ஒன்றாம், தொழிலுக்கு ஒன்றாம், மாத வாடகைக்கு ஒன்றாம். ஒன்றின் பெயருக்குப் பின்னால் வருஷம், ஒன்றுக்கு எண், இன்னொன்றுக்கு வெறும் எழுத்து. என்னய்யா வித்தியாசம் என்றால், "இதுல ஃபீச்சர் அதிகம்ங்க" என்கிறான். நான் அடிப்பது 'நிகழும் மங்களகரமான' தானே! அதற்கு என்ன எழவு ஃபீச்சர்? பாலக்கோடு மண்டியில் தக்காளியை ரகம் பிரித்து வைத்தால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இவர்கள் பிரித்து வைத்திருப்பதை எந்தக் கண்ணால் பார்ப்பது?

இதெல்லாம் தொழில் எரிச்சல், போகட்டும் என்று விட்டிருப்பேன். என் மகள் கல்யாணத்தில் வந்து கை வைத்தது.

ஏரியூரில் இருக்கும் என் அண்ணன் எங்களோடு பேசி வருஷக்கணக்காகியிருந்தது. எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நேரில் போய் அழைக்காமல் போனில் சொன்னோம் என்ற கோபம். மகளுக்கு வரன் முடிந்ததும் போய் அழுதேன். மனசு இறங்கி, "சரி வரேன். கார்டுல தாய்மாமன்னு என் பேரு இருக்கோணும்" என்றார். இருக்காதா பின்னே? கடைசி வரியாக, தனியாகத் தெரியும்படி, என் கையால் அவர் பெயரை அடித்தேன். வழக்கம்போலப் பழைய வெர்ஷனுக்கு மாற்றி அனுப்பினேன்.

எங்கள் பக்கத்தில் குலதெய்வத்துக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான். கட்டு வந்ததும் மேலே இருந்த ஒன்றை எடுத்து, மடித்திருந்ததை மடித்தபடியே மூலைகளில் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டில் வைத்துக்கொண்டு ஏரியூருக்கு பஸ் ஏறினேன். அதே நேரத்தில் என் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டாருக்கு உரிய பத்திரிகைகளைக் கொடுக்க பாலக்கோட்டுக்குப் போய்விட்டார்.

அண்ணன் தட்டை வாங்கினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பத்திரிகையைப் பிரித்தார். மேலிருந்து கீழே வந்தார். மறுபடியும் மேலே போனார்.

"ஏம்மா, இதுல நான் எங்க இருக்கறேன்?"

வாங்கிப் பார்த்தேன். கடைசி வரி இல்லை. நான் போட்ட எழுத்துரு அந்தப் பழசில் கிடையாது. அது பாட்டுக்கு வேறொரு பெரிய எழுத்தைப் போட்டிருக்கிறது. வரிகள் நீண்டு, கட்டத்துக்குள் அடங்காத கடைசி வரியை விழுங்கியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை உண்டா, ஒரு சத்தம் உண்டா? அத்தனை ஃபீச்சர் வைத்தவனுக்கு, 'ஒரு ஆளைக் காணோம்' என்று சொல்ல ஒரு ஃபீச்சர் வைக்கத் தெரியவில்லை!

"அண்ணா, நான் போட்டேங்ண்ணா. சத்தியமா போட்டேன். வெர்ஷன் மாத்துனதுல போயிருச்சு."

"வெர்ஷன்னா?"

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. அண்ணி வாசற்படியில் நின்றபடி, "போன தடவ நேர்ல வர நேரமில்லைன்னு போன்ல சொன்னீங்க. இந்த தடவ கம்ப்யூட்டருங்களா?" என்றார். கம்ப்யூட்டரில் இருக்கும் மூலத்தைக் காட்டிவிடலாம் என்று என் கடையில் வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டு என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். வந்தது. இந்தக் கோப்பைத் திறக்க வேறு செயலி வேண்டும் என்றது போன். நாசமாய்ப் போக!

அண்ணன் தட்டை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "என் பேரு இருக்கற வெர்ஷன் வந்தா கொண்டா."

அங்கிருந்து நேரே தருமபுரி. அச்சகத்தில் நான் போட்ட கூச்சலுக்குத் தெருவே எட்டிப் பார்த்தது. அச்சகக்காரர் அசையவில்லை. "நாங்க இருந்த எடத்துலயேதான் இருக்கறோம். நீங்கதாங்க மேல போயிட்டீங்க" என்றார். அந்த ஆள் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் இன்னும் எரிந்தது. யாரைத் திட்டுவது? திட்டு வாங்க வேண்டியவன் எந்த ஊரில் உட்கார்ந்து அடுத்த வெர்ஷன் செய்துகொண்டிருக்கிறானோ. அவர்கள் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து அண்ணன் பெயரைத் திரும்ப அடித்தேன். அச்சாகி வெளியே வந்ததை விரலால் தொட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மறுபடி தட்டோடு நின்றேன். அண்ணன் இந்த முறை கடைசி வரியை மட்டும் படித்தார்.

"மாப்ள வூட்டுக்குக் குடுத்ததுல?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அது போயிருச்சுங்ண்ணா. அதுல நீங்க இல்லை" என்றேன்.

சம்பந்தி வீட்டார் கையில் எல்லாம் தாய்மாமன் இல்லாத பத்திரிகை. அண்ணன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

"முகூர்த்த நேரமாச்சும் ரெண்டுலயும் ஒரே வெர்ஷன்தானே?" என்றார்.