பூஷ்டு படிந்த சுவரும் தங்கையின் மூச்சும்

ஜூன் மாதம் பள்ளி திறந்த சில நாட்களிலேயே, ஈரச் சாக்கில் பழைய ரொட்டியைச் சுற்றி வைத்தது போன்ற ஒரு வாடை எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆஸ்டின் டவுனில் நாங்கள் வாடகைக்கு இருந்தது ஒரு லைன் வீட்டின் கடைசிப் பகுதி. எங்கள் உள்ளறைச் சுவருக்கும் பக்கத்து மாடிவீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் சந்து இருந்ததால், அந்தச் சுவர் வெயிலைக் கண்டதே இல்லை. மழை பிடித்ததும் முதலில் சுண்ணாம்பு உப்பி உதிரும். பிறகு மிளகுப்பொடி தூவியது போலப் புள்ளிகள் தோன்றும். அப்புறம் அவை ஒன்றோடொன்று சேர்ந்து சாம்பலும் பச்சையுமாக மெல்லிய ரோமம் போலப் படரும். புத்தகத்தில் அதற்குப் பூஞ்சை என்று பெயர். எங்கள் வீட்டிலோ ஊர்ப் பேச்சான கன்னடத்திலிருந்து ஒட்டிக்கொண்ட "பூஷ்டு" என்ற சொல்தான். "பூஷ்டு செவுத்துல சாயாதீங்கடி, மூக்குல ஏறும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

என் மூக்கில் அது ஏறியதே இல்லை. ஏறியதெல்லாம் என்னைவிட மூன்று வயது சின்னவளான ஸ்டெல்லாவின் மூக்கில்தான். மழைக்காலம் முழுக்க அவளுக்கு "வீசிங்" வரும். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி முனகுவது போல ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் தொடங்கிய நிமிடத்திலிருந்து வீடே அவளுடையதாகிவிடும். தெரு ஜன்னலோரக் கட்டில் அவளுக்கு, அப்பா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வாங்கி வரும் கமலா ஆரஞ்சு அவளுக்கு, அம்மாவின் மடி அவளுக்கு. காய்ச்சலில்கூட என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடும் அம்மா, அவள் நெஞ்சில் கற்பூரத் தைலத்தைத் தடவிக்கொண்டு மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பாள். "பெரியவளுக்கு ஒடம்பு ஸ்ட்ராங்கு" என்று சர்ச்சில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். எனக்கு அது சாபம் போலக் கேட்கும்.

ஒரு மத்தியானம் அம்மா குழாயடிக்குப் போயிருந்தபோது நான் உள்ளறைக்குப் போய், அந்தச் சுவரில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். எனக்கும் அந்தப் பூனைக்குட்டி வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்த எண்ணமும் இருக்கவில்லை. இரண்டு தும்மல் வந்தது. அவ்வளவுதான். ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த ஸ்டெல்லா, வெளியே வந்த என்னைப் பார்த்து, "அக்கா, ஒன் மூக்கெல்லாம் கறுப்பு" என்று சிரித்தாள்.

அந்த வருஷம் மழை விடுவதாக இல்லை. ஸ்டெல்லா சேர்ந்தாற்போல நான்கைந்து நாள் பள்ளிக்குப் போகாமல் கிடந்ததைப் பார்த்த அப்பாவுக்குச் சுவரின் மேலேயே கோபம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவையும் அவளையும் என் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சட்டையைக் கழற்றினார். "நீயும் போ" என்றார் என்னிடம். நான் போகவில்லை. அப்பா எனக்கே எனக்கென்று கிடைப்பது அபூர்வம்.

ஒரு பக்கெட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தார். அதை அடித்துப் பார்த்தும் கறை முழுக்கப் போகவில்லை என்றதும், கக்கூஸ் கழுவும் ஆசிட் பாட்டிலை எடுத்து வந்து அதே பக்கெட்டில் ஊற்றினார். சாரல் அடிக்கிறது என்று வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தோம். பக்கெட்டிலிருந்து நுரைத்துக்கொண்டு எழுந்த புகை என் கண்ணைக் கரித்தது. தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடித்துத் திருகியது போல இருந்தது. கத்த வாய் திறந்தால் காற்று உள்ளே போகவில்லை. அப்பா என்னை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, இருமியபடியே மழைக்குள் ஓடினார். தெருமுனை கிளினிக் வரைக்கும் என்னைக் கீழே இறக்கவேயில்லை.

டாக்டரம்மா எனக்கு மூச்சு சீராகும் வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, அப்புறம் அப்பாவிடம் திரும்பினார்.

"பிளீச்சிங்கும் ஆசிட்டும் எப்பவும் ஒண்ணா சேக்கவே கூடாதுங்க. விஷக்காத்து அது. ரெண்டு பேரும் தப்பிச்சீங்க. இப்ப உள்ள போகாதீங்க, கதவத் தொறந்தே போடுங்க."

"சின்னப் பொண்ணுக்காகத்தான் மேடம்..."

"புரியுது. ஆனா நீங்க தேய்க்கத் தேய்க்க அது வந்துட்டுதான் இருக்கும். செவுத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க."

மாமா வீட்டிலிருந்து கிளினிக்குக்கு ஓடி வந்த அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டாள். எனக்குத் தொண்டை எரிந்தது, விழுங்க முடியவில்லை; ஆரஞ்சுச் சுளையை வாயருகே கொண்டுவந்தபோது தலையைத் திருப்பிக்கொண்டேன். வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஸ்டெல்லாவின் முகம் கறுத்திருந்தது.

"என்னை டாடி கிளினிக் வரைக்கும் தூக்கினு போனதே இல்ல" என்றாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும்; இத்தனை நாள் எனக்குள் கேட்ட அதே குரல்.

தண்ணீர் வந்த வழி மறுவாரம் தெரிந்தது. மாடிவீட்டு மழைக்குழாய் சந்துக்குள் உடைந்து, மழைநீர் முழுக்க எங்கள் சுவரில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்பாவும் மாடிவீட்டுக்காரரும் சேர்ந்து அதை மாற்றினார்கள். ஸ்டெல்லாவை வெளியே அனுப்பிவிட்டு, அம்மா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அடைத்திருந்த அட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, வெறும் சோப்புத் தண்ணீரால் சுவரை நனைத்து நனைத்துத் துடைத்தாள். காய்ந்த சுவரில் துடைப்பம் போடவில்லை, போட்டால் தூள் பறக்கும் என்றாள். துடைத்த துணிகளைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டாள். சுவர் காய ஒரு மாதமானது. அடுத்த மழைக்கு ஸ்டெல்லா பள்ளிக்குப் போனாள்.

இன்று அந்த லைன் வீடுகள் இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. அப்பா இல்லை. ஸ்டெல்லாவின் நெஞ்சிலும் அந்தச் சத்தம் அடங்கிப் பல வருஷமாகிறது. மதுரையில் ஆசிரியையாக இருக்கிறாள். அம்மா என்னோடு இருக்கிறாள்.

போன மழையில் என் படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது. பாத்ரூம் குழாய் கசிவை முதலில் சரிசெய்துவிட்டு, மாஸ்க்கும் கையுறையும் மாட்டி, ஜன்னல்களைத் திறந்துவைத்துத் துடைக்க உட்கார்ந்தேன். அம்மா கூடத்தில் போனில் பேசுவது கேட்டது.

"ஸ்டெல்லா, இங்க செவுரெல்லாம் பூஷ்டு. லீவுக்கு இப்ப வராத. அக்கா தொடைச்சினு இருக்கா. நல்லாக் காயட்டும், அப்புறம் வா."

தலை நரைத்த பிறகும் எனக்குள் அந்தப் பழைய எரிச்சல் கிளம்பியது. இன்னும் வேகமாகத் தேய்த்தேன். சற்று நேரத்தில் கதவருகே அம்மாவின் நிழல் விழுந்தது. கையில் டீ டம்ளர் இருந்தது, உள்ளே வரவில்லை.

"எவ்ளோ நேரமா உள்ளயே இருக்க? வெளிய வந்து மூச்சு வுடு. மிச்சத்த அப்புறம் பாத்துக்கலாம்."

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த டீயை நான் மிக மெதுவாகக் குடித்தேன்.