சஹனில் கை வைக்காத நஸ்லியா ராத்தா

நஸ்லியா ராத்தா மௌத்தாகிவிட்டார், பின்னேரம் அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தபோது நான் பாடசாலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து ஓடிவந்த உம்மா, முதலில் என் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தார்.

சிறுநீரகக் கிளினிக் வாங்கில் எங்களோடு உட்கார்ந்து காத்திருந்த உங்கள் எல்லோருக்கும் அவருடைய சிரிப்புத் தெரியும். அவருக்குப் பொருத்தியது தம்பியின் சிறுநீரகம், எனக்கு உம்மாவுடையது. அதை உடல் தள்ளிவிடாதிருக்க நாங்கள் குடிக்கும் குளிசை நோயெதிர்ப்பை அடக்கிவிடும். மற்றவர்களிடம் சும்மா கிடக்கும் ஈஸ்ட் பூஞ்சை எங்கள் இரத்தத்துக்குள்ளேயே போய்விடலாம். அந்த ஈஸ்ட்டுகளின் மரபணுவை ஒப்பிட்டு, எது எந்த வகை, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கண்டுபிடிப்பதுதான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் அவருடைய வேலை.

போன வருடம் ஒரு கலியாணத்தில், மாமியின் மகள்மாரான என் மச்சிமாரோடு ஒரே சஹனில், அந்தப் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டேன். சில நாளில் என் நாக்கில் வெள்ளை படர்ந்தது. ஒரே தட்டில் எல்லோரும் கைபோட்டதால்தான் வந்தது என்று உம்மா மாமி வீட்டோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். ராத்தா பஞ்சுக்குச்சியோடு வந்து என் வாயிலும் மச்சிமார் வாயிலும் மாதிரி எடுத்துப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் கோடு கோடாய் ஒரு படம் இருந்தது.

"சண்டைய விடுங்க. இது மச்சிமார்ர ஈஸ்ட் இல்ல. ஒப்பரேஷனுக்கு முன்ன இவட வாயில எடுத்ததோட அப்பிடியே பொருந்துது. கன காலமா வாடகை குடுக்காம இருந்திருக்கு."

அன்று பின்னேரமே உம்மா மாமிக்கு வட்டிலப்பம் அனுப்பினார். ராத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வாயில வெள்ளையோ காய்ச்சலோ வந்தா எனக்கிட்ட ஒளிக்கப்படா புள்ள. நானும் உனக்கிட்ட ஒளிக்க மாட்டன்."

ஓம் என்றேன். அதற்குப் பிறகு, எனக்கு அசிங்கமாக இருந்த நாட்களிலும் அவர் கேட்டவுடன் நாக்கை நீட்டினேன்.

இந்த நோன்புக்கு எங்கள் வீட்டுக்கு நோன்பு திறக்க வந்த ராத்தா, சஹனில் உட்காராமல் வேறு தட்டில் போட்டுக்கொண்டு கதவடியில் இருந்தார். வயிறு சரியில்லை என்றார். "படிச்ச ஆக்களுக்கு எங்கட சஹன் புடிக்காமப் பெய்த்து," என்று மாமி பகிடி பண்ண, அவரும் சிரித்தார். எனக்குச் சுட்டது.

காரணத்தை, மையித்து வைத்திருந்த வீட்டில் அவருடைய தங்கை சொன்னார். எங்கள் சிறுநீரக வார்டில் பரவிக்கொண்டிருந்த, மருந்துக்கு மடங்காத ஈஸ்ட்டின் அதே வகை தன் தோலிலும் இருப்பதை ராத்தா நோன்புக்கு முன்பே கண்டுபிடித்திருந்தாராம். பிறகு காய்ச்சல் வந்தபோது, அந்த வார்டில் படுக்கப் பயந்து, பனடோல் குடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்திருக்கிறார். கொண்டுபோனபோது பிந்திவிட்டது.

"அந்தப் புள்ளைக்குச் சொல்லிராத, பயந்திரும்" என்று தங்கையிடமும் சொல்லிவைத்திருந்தாராம்.

என்னைக் காப்பாற்றத்தான் தள்ளி உட்கார்ந்தார் என்று எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. எனக்குச் சொல்லியிருந்தால் நான் யாரிடமாவது சொல்லியிருப்பேன். அவர் திட்டியிருப்பார்; உயிரோடு இருந்திருப்பார். துஆக் கேட்கக் கையேந்தினாலும் இந்தக் கோபந்தான் முன்னுக்கு வருகிறது.

உம்மா நித்திரையான பிறகு ஒளித்து எழுதுகிறேன். நேற்றிலிருந்து எனக்குக் காய்ச்சல். உம்மா நெற்றியைத் தொட வரும்போதெல்லாம், சூடு தெரியாதிருக்க முகம் கழுவிக்கொண்டு நின்றேன். தலையணைக்குக் கீழே பனடோல் இருக்கிறது. அந்த வார்டை நினைத்தால் எனக்கும் பயந்தான்.

ராத்தாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அவர் எனக்குத் தந்துவிட்டுக் காப்பாற்றாத அந்த வாக்கைத்தான். உம்மாவை எழுப்பப் போகிறேன்.