பத்து வருஷ மாத்திரை

இடது மார்பை எடுத்தபோது எனக்கு நாற்பத்து நாலு வயது. சங்ககிரியில் நானும் என் வீட்டுக்காரரும் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருந்தோம். ஆபரேஷன் சேலத்தில் நடந்தது. என்னுடையது பெண் ஹார்மோனால் வளரும் புற்றுக்கட்டி என்றும், அது திரும்பி வராமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை, ஐந்து வருஷம் போட வேண்டும் என்றும் டாக்டரம்மா சொன்னார். ஆபரேஷனைவிட அந்த ஐந்து வருஷம்தான் எனக்கு மலைப்பாக இருந்தது.

அந்த மாத்திரையில் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். தார்ப்பாயை விரித்துக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து சூடு ஏறி, ரவிக்கை நனைந்துவிடும். டிரைவர்கள் முன்னால் முந்தானையால் விசிறிக்கொண்டு வெயிலைத் திட்டுவேன். மார்கழியிலும் வெயிலைத்தான் திட்டினேன். எப்படியோ ஐந்து வருஷம் ஓடியது.

அதற்குள் மாதவிலக்கு நின்றிருந்தது. டாக்டரம்மா வேறு மாத்திரைக்கு மாற்றி, இன்னும் ஐந்து வருஷம் என்றார். அதுதான் என்னை ஒடித்துப் போட்டது. காலையில் விரல்கள் மடங்காது. கோணி ஊசி கையில் நிற்காது. ஒரு நாள் தார்ப்பாய்க்கு வளையம் அடிக்க முடியாமல் சுத்தியலைக் கீழே வைத்தேன். அன்றோடு, யாரிடமும் சொல்லாமல், மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

சில வாரங்களில் விரல் மடங்கியது. ஊசி ஓடியது. ஆனால் குளிக்கும்போதெல்லாம் வலது மார்பைத் தடவித் தடவிப் பார்த்துப் பயந்தேன்.

குறையாத மாத்திரை அட்டையை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. "எங்கிட்டச் சொல்லாட்டிப் போவுது அம்மணி, டாக்டரம்மாகிட்டயாச்சும் சொல்லு" என்றார்.

சொன்னேன். திட்டு விழும் என்று நினைத்தேன்.

"கை வலிக்குதுன்னு சொன்னா மாத்திரைய மாத்தித் தர்றது என் வேலைங்க. சொல்லாம நிறுத்திட்டா நான் என்ன பண்றது?" என்றார் டாக்டரம்மா. அதே வகையில் வேறொரு மாத்திரை எழுதினார். எலும்பு ஸ்கேன் எடுத்ததில் எலும்பு மெலிந்திருந்தது. அதற்குச் சுண்ணாம்புச்சத்து மாத்திரை கொடுத்தார்; தினம் வேகமாக நடக்கச் சொன்னார்.

"நடந்தா மூட்டு இன்னும் வலிக்குமுங்களே?"

"ஒரு மாசம் நடந்துட்டு வந்து அப்புறம் சண்டை போடுங்க."

சண்டைக்கு வேலையில்லாமல் போனது. வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் நான் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. விடிந்ததும் ஒரு மணி நேரம் நடப்பேன். பத்து மணிக்குள் விரல்கள் இளகி, வேலைக்குத் தயாராகிவிடும்.

போன மாதம் பத்து வருஷம் முடிந்தது. டாக்டரம்மா எல்லா ரிப்போர்ட்டையும் புரட்டிப் பார்த்தார். "மாத்திரை போதுங்க. வருஷம் ஒருக்கா மட்டும் வந்து காட்டிட்டுப் போங்க" என்றார். பக்கத்தில் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

ஊர் திரும்பியதும், சங்ககிரி மலைக்கோட்டை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இத்தனை வருஷம் இதே ஊரில் இருந்தும் உச்சிக்கு ஏறியதில்லை. பாதி வழியில் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். "நீ போ, நா வாரேன்" என்றார். வரவில்லை.

உச்சியில் காற்று தள்ளியது. கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் எறும்பு போல ஊர்ந்தன. அவருக்குப் போன் போட்டேன்.

"மேல வந்துட்டேனுங்க."

"மூச்சு வாங்குதா?"

"உங்களுக்குத்தானுங்க வாங்குது. இங்க வரைக்கும் கேக்குது."