அம்மா கேட்டது அந்தத் துப்பாக்கியை

அப்பா காய்ச்சலில் போன பிறகு, அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே எங்கள் குத்தகை வயலை அண்ணன்தான் பார்த்துவந்தான். அவனுக்கு இருபது வயது இருக்கும். அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரு நாள் விடிந்தும் விடியாத வேளையில் மடை திறக்கப் போனவனை நிலத்துக்காரரின் மகன் சுட்டுவிட்டார். வாழைக்குள் பன்றி அசைந்ததாக நினைத்தாராம். நாங்கள் ஓடிப்போனபோது அண்ணன் வரப்பில் கிடந்தான், உயிர் இல்லை. அம்மா முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள். சேறு போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றங்கரையில் எரித்துவிட்டு வந்ததும் நான் அரிவாளை எடுத்தேன். அம்மா வாசலை மறித்தாள்.

“கீழ போடுலே. ஒருத்தன் துப்பாக்கிக்குப் போயிட்டான். உன்னையத் தூக்குக் கயித்துக்குக் குடுக்கச் சொல்லுதியா?”

“அப்போ சும்மா விடச் சொல்லுதியா?”

“ஆரு சும்மா விடுதா? நான் பாத்துக்கிடுதேன்.”

மறுநாள் நிலத்துக்காரரின் காரியஸ்தர் வந்தார். விசாரணையில் வாய் திறக்காமல் இருந்தால் வயலை எங்கள் பேருக்கே எழுதித் தருவார்கள் என்றார்.

“எம்புள்ள விழுந்த மண்ணு அண்ணாச்சி. அதை வாங்கித்தான் நான் சோறு திங்கணுமா?” என்றாள் அம்மா.

விசாரணை நடந்த நாளெல்லாம் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக் கச்சேரிக்கு நடந்தாள். எங்களுக்கு வக்கீல் இல்லை. என்னதான் வேண்டும் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

“அவுகளையும் ஒருத்தி பெத்திருக்கா எசமான். அவுக உசிரு எனக்கு வேண்டாம். அந்தத் துப்பாக்கி எங்க ஊர்ல இருக்கக் கூடாது.”

தவறுதலாக நடந்தது என்று சொல்லி அவரை விட்டுவிட்டார்கள். துப்பாக்கியும் அவரிடமே இருந்தது. அதன் லைசென்ஸ் கலெக்டர் கையில் இருப்பதாகக் கச்சேரியில் ஒரு குமாஸ்தா சொல்ல, அம்மா திருநெல்வேலிக்குக் கிளம்பினாள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் சேவகர்கள் விரட்ட விரட்ட நின்றாள். அதற்குள் குத்தகை எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. களையெடுக்கும் கூலியில் சாப்பிட்டுக்கொண்டு, மனு எழுத வைத்து, மறுபடியும் மறுபடியும் போனாள்.

அடுத்த அறுப்புக்குள் கலெக்டர் உத்தரவோடு போலீஸ்காரர் ஒருவர் வந்து துப்பாக்கியை வாங்கிப் போனார். ஊரே தெருவில் நின்று பார்த்தது. பக்கத்து வீட்டு அத்தை அம்மாவின் கையைப் பிடித்து, “நெனச்சத முடிச்சிட்டியே மயினி,” என்றாள்.

“எம்புள்ள வரலியே,” என்று சொல்லிவிட்டு அம்மா தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.