திருகோணமலையில் என் மகளுக்கு மூச்சு திரும்பிய நத்தார்

சகோதரிகளே, என் ஏழு வயது மகள் ஜெனியின் உதடுகள் என் கண்முன்னே நீலமாவதைப் பார்த்தவள் நான். அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

போன டிசம்பரில் தூத்துக்குடியிலிருந்து திருகோணமலைக்குப் போயிருந்தோம். பாலையூற்றில் என் கணவரின் நண்பர் வீடு. கிறிஸ்துமஸை அங்கே நத்தார் என்கிறார்கள். முந்தின நாள் மாலை ஆண்கள் இருவரும் குடில் கட்டத் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். நண்பரின் மனைவி ரீற்றா அக்கா, நத்தாருக்கென்று செய்த லவ் கேக்கை எடுத்து வந்தார். ஜெனிக்கு முந்திரி ஆகாது.

"அக்கா, இதுல முந்திரி இருக்கா?" என்று கேட்டேன்.

"முந்திரிகையோ? இல்லையம்மா, லவ் கேக்குக்கு அது போடுறேல்லை."

ஒரு துண்டுதான் தின்றாள். சற்று நேரத்தில் முகம் வீங்கியது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள்.

"ஐயோ, கஜு நிறையப் போட்டனான்!" என்று அலறினார் அக்கா. அவர்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை. நம் முந்திரிப்பருப்புதான் அங்கே கஜு.

வெளியே அடைமழை. கணவர் போனை எடுக்கவில்லை. ரோட்டில் வெள்ளம், ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றார்கள். ஓர் ஆட்டோவும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றேன். அவள் கை என் தோளிலிருந்து நழுவி விழுந்தது. ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "இயேசுவே, மூச்சு... இயேசுவே, மூச்சு..." என்று கத்தினேன். அவ்வளவுதான் முடிந்தது.

அப்போது கரோல் பாடுகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அவர்கள் அந்தப் பக்கம் வருவதாகவே இல்லை. போகவேண்டிய பாதையில் மரம் விழுந்திருந்ததாம். என்னைக் கண்டதும் பாட்டு நின்றது. ஓட்டிவந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சகோதரர்.

"பிள்ளையோட முன்னுக்கு ஏறுங்க! தண்ணிக்குள்ளால லொறி போகும், பயப்படாதீங்க!"

சக்கரம் முங்கும் தண்ணீரில் ஓட்டினார். பின்னால் நின்றவர்கள் சத்தமாக ஜெபித்தார்கள். ஜெனியின் மார்பில் கைவைத்தேன். அசைகிறதா என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவுக்கு வெளியே தரையில் கிடந்தேன். "ஆண்டவரே, இவளை மட்டும் எடுத்துக்கொள்ளாதேயும்."

வெகுநேரத்துக்குப் பிறகு ஓர் இருமல் சத்தம். அதன்பின், "அம்மா."

நத்தார் காலையில் வார்டில் இருந்தோம். ரீற்றா அக்கா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். "என்னை மன்னியுங்கோ. தெரியாமக் குடுத்திட்டன்." எழுந்துபோய் அவரைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். அக்கா கட்டிலில் உட்கார்ந்ததும் ஜெனி அவர் மடியில் ஏறிப் படுத்தாள்.

முன்பெல்லாம் ஜெபிக்க அழகான வாக்கியங்களைத் தேடுவேன். இப்போது தேடுவதில்லை. உங்களில் யாராவது வழி அடைபட்டு நின்றால், வார்த்தை கூடிவரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கத்துங்கள். அவர் கேட்கிறார்.