படகு நம்பரை வைத்துப் பிரித்தேன்

முகத்துவாரக்குப்பத்தில் அன்று மதியம் காற்று திடீரென்று மாறியது. எங்கள் குப்பத்துப் படகுகள் எல்லாம் கடலில் இருந்தன. அதில் ஒன்றில் என் தம்பி. நான் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவள். ஆபீஸ் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு, லேப்டாப்பும் கையுமாகக் கரைக்கு ஓடினேன்.

குப்பத்து வாட்ஸ்அப் குரூப்பில் செய்திகள் கொட்டின. இன்னார் வந்தாச்சு, இன்னார் வரல, ஒரே செய்தி திரும்பத் திரும்ப. பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "எம் புருசன் பேரு அதுல இருக்குதா பாரு!" எனக்குப் பொறுமை கம்மி. "தள்ளி நில்லுங்க, ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க" என்று கத்தினேன்.

காலையில் யார் எந்தப் படகில் போனார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல லேப்டாப்பில் அடித்தேன். பிறகு நான் ஆபீஸில் தினமும் செய்கிற வேலைதான். வஞ்சிரம் ஒரு கூடை, சங்கரா ஒரு கூடை என்று மீனைப் பிரிப்பதுபோல, ஏதாவது ஓர் அடையாளத்தைச் சாவியாக வைத்து, சாவி ஒன்றாக இருக்கிற வரிகளை ஒரே கட்டாகச் சேர்ப்பது. படகு நம்பரைச் சாவியாக வைத்தேன். படகு வந்துவிட்டால் அதன் கட்டு முழுவதும் பச்சையாகிவிடும்.

ஒவ்வொன்றாகப் பச்சையானது. கடைசியில் இரண்டு கட்டுகள்தான் சிவப்பு. என் தம்பி போன படகு, இன்னொரு படகு. அப்போது போன் வந்தது. தம்பி போன படகு முகத்துவாரத்துக்குள் நுழைந்துவிட்டதாம். பச்சையாக்கினேன். "தம்பி வந்துட்டான்மா!" என்றேன். அம்மா மணலில் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள், அழுதாள்.

மிச்சம் மூன்று பெயர். அந்தப் படகை ஓட்டுகிறவரின் மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தம்பி போன படகு கரையேறியது. இறங்கியவர்களில் தம்பி இல்லை.

"இன்னா மாமா, அவன் எங்க?" என்று படகு ஓட்டி வந்தவரைக் கேட்டேன்.

"அவன் இன்னும் வராத அந்த போட்டுக்குத் தாவிட்டாம்மா. அவங்களுக்கு வலை இழுக்க கை பத்தல. எங்க பின்னாலதான் வந்துகினு இருந்தாங்க. அப்பால காணோம்."

பக்கத்துப் படகில் ஆள் போதவில்லை என்றால் நடுக்கடலிலேயே தாவிப் போவது எங்களிடம் சாதாரணம். யாரையும் கேட்க வேண்டியதில்லை, கரைக்குச் சொல்ல வேண்டியதுமில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனாலும், காலையில் ஏறிய படகிலேயே ஆள் இருப்பான் என்று நம்பி சாவியை வைத்திருந்தேன்.

தம்பியின் வரியை அந்தச் சிவப்புக் கட்டுக்கு மாற்றினேன். மூன்று நான்கானது. பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். "உனக்கு எதுக்குடா ஊரான் வலை?" என்று கடலைப் பார்த்துத் திட்டினேன். அம்மா எழுந்துபோய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கரைக்கு வந்திருந்த இரண்டு படகுகள் டீசல் போட்டுக்கொண்டு தேடிக் கிளம்பின. அனல் மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. போனில் எதுவும் வரவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன். இனி அதில் பார்க்க ஒன்றுமில்லை.

இருட்டுவதற்குச் சற்று முன் ஒரு படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அதில் நான்கு தலைகள் தெரிந்தன.

தம்பி இறங்கியதும் சட்டையைப் பிடித்தேன். "எவன்டா உன்ன மாறச் சொன்னது?" அவன் பற்கள் கிடுகிடுத்தன. அந்தப் படகுக்காரர்தான் பதில் சொன்னார்.

"திட்டாதம்மா. இன்ஜின் நின்னுபோச்சு. போட்டுல தண்ணி ஏறிகினே இருந்துச்சு. ரெண்டு பேரு எறைக்க, ரெண்டு பேரு மூச்சு வாங்க, மாத்தி மாத்தி எறைச்சோம். மூணு பேரா மட்டும் இருந்திருந்தா முங்கியிருப்போம்."

என் கை தானாகச் சட்டையை விட்டது. அந்தப் பெண் தன் புருஷனிடம் போகவில்லை. நேராக என் தம்பியிடம் வந்து, தோலுரிந்த அவன் உள்ளங்கைகள் இரண்டையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவள் விடும்வரை அம்மா தன் மகனைத் தொடாமல் நின்றிருந்தாள்.